நான் நிரப்பிய எட்டுப் படிவங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. கல்லூரியில் வேதியியல் படித்துத் தேறியவன் நான். அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றி, ஒரு பிரிவின் தலைவனாக ஓய்வு பெற்றேன். ஒரு கோப்பில் என் கையெழுத்து விழுந்துவிட்டால் மேலிடத்தில் அதை மறுபடி வாசிக்க மாட்டார்கள். பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள இது தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பெயர் என்னை விட்டுப் போகவில்லை. ஃபேரர் பார்க் வட்டாரத்தில் காலை நடைக்குச் சேர்ந்து போகிறவர்கள் நாங்கள் எட்டுப் பேர். நடை முடிந்து உணவகத்தில் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் நகர்த்துவார். மருத்துவமனைப் படிவம், கடவுச்சீட்டுப் படிவம், பேரப்பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைப் படிவம். இப்போது அவற்றில் பாதி கைப்பேசிக்குள் போய்விட்டன. ஆகவே கைப்பேசியை நகர்த்துகிறார்கள். "நீங்க எழுதிடுங்க சார், நீங்க எழுதினா திரும்பி வராது" என்பார்கள். ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

எனக்கு இன்னொரு பெயரும் இருந்தது. நீச்சல்காரன் என்ற பெயர். கல்லூரி நாட்களில் சாங்கிக் கரையிலிருந்து, கடலில் கழிகளை நட்டு மீன் பிடிக்கும் கெலோங் ஒன்று வரை நீந்திச் சென்று திரும்பியவன் நான் என்பது எங்கள் உறவினரும் நண்பரும் அறிந்த செய்தி. உண்மை வேறு. கல்லூரி நீச்சல் குளத்தில், தலையை நீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே ஒருமுறை போய்ச் சேர்ந்தேன். அதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கெலோங்குக்கு நீந்தியவன் என் வகுப்புத் தோழன். என் திருமண விருந்தில் யாரோ ஒருவர் அவன் கதையை என் பெயரில் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. நான் திருத்தவில்லை. அதன் பிறகு வந்த நாற்பத்திரண்டு ஆண்டுகளில் அந்தக் கெலோங் கரையிலிருந்து மேலும் மேலும் விலகிப் போய்க்கொண்டே இருந்தது. அந்த ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட நீரில் இறங்கவில்லை.

பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் என் மைத்துனர், என் மனைவியின் தம்பி. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் நடைக் குழுவில் அவரும் ஒருவர். நடப்பதைவிடப் பேசுவது அதிகம்.

"அத்தான், எத்தன நாளைக்கு இந்தத் திடலையே சுத்திக்கிட்டு இருப்பீங்க?" என்று ஒரு காலை கோப்பியைக் கலக்கியபடி தொடங்கினார். "ஸ்பீட்போட் ஒண்ணு பேசியிருக்கேன். நாம எட்டு பேர்தான், வேற ஆளே கிடையாது. ஒரே நாள்ல மூணு தீவு. நீந்தலாம், கண்ணாடி மாட்டிக்கிட்டு தண்ணிக்குள்ள மீனு பாக்கலாம்."

"இந்த வயதில் முதுகெலும்பு தாங்குமா?" என்றேன்.

"உங்களுக்கென்ன லா? கெலோங் வரைக்கும் நீந்தின ஆளு. உங்களுக்குப் போட்டே வேணாம். நீங்க முன்னாடி நீந்திப் போங்க, நாங்க பின்னாடியே வர்றோம்."

மேசையே சிரித்தது. எங்களோடு நடக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தம் அடுக்குமாடிக் குளத்தில் வாரம் தவறாமல் நீந்துகிறவர், "சார் பக்கத்துல இருந்தா எனக்கும் தெம்புதான்" என்றார். அவர் மெய்யாகவே அப்படி நினைத்துச் சொன்னார். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

மைத்துனர் அன்றே படிவங்களையும் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கு ஒரு தாள். பெயர், வயது, நோய் விவரம், நடப்பதற்கெல்லாம் நானே பொறுப்பு என்ற உறுதிமொழி. நடுவில் ஒரு கேள்வி: நீந்தத் தெரியுமா? எதிரே இரண்டு கட்டங்கள். எட்டுத் தாள்களும் வழக்கம்போல் என் முன்னால் வந்து சேர்ந்தன.

ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினேன். மைத்துனர், "எனக்குத் தண்ணியெல்லாம் பாத்ரூமோட சரி. இல்லன்னு போடுங்க" என்றார். வங்கி அதிகாரிக்கும் அவர் மனைவிக்கும் தெரியும். மற்ற மூவருக்கும் தெரியாது. என் தாள் வந்தபோது எவரும் எதுவும் சொல்லவில்லை. என் பேனாவும் நிற்கவில்லை. தெரியும் என்ற கட்டத்தில் குறியிட்டேன். என் மனைவி அப்போது தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் வரட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திருமணமான நாள் முதல் அவளுடைய எல்லாப் படிவங்களையும் நிரப்பியவன் நான். தெரியாது என்று குறியிட்டேன்.

அவள் மீன் பையுடன் வந்து சேர்ந்தாள். தாளை நீட்டினேன். வழக்கமாக வாசிக்காமல் கையெழுத்திடுகிறவள் அன்று வாசித்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டாள்.

அன்று தொடங்கியது நிலைகொள்ளாமை. பயணத்துக்கு மூன்று வாரங்கள் இருந்தன. நாளிதழின் முதல் பக்கத்தை நான்கு முறை வாசித்தும் ஒன்றும் மனத்தில் ஏறாது. நாற்காலியிலிருந்து எழுவேன், சன்னலைத் திறப்பேன், எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் சாத்துவேன். கைப்பேசியில் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைத் தேடிப் படித்தேன். படித்து என்ன பயன்? உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். பக்கத்தில் இருக்கும் மனைவி நம்ப மாட்டாள். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் நீச்சல்காரன் என்ற பெயர் போகும். அது போனால் போகட்டும். ஆனால் நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு செய்தியைத் திருத்தாமல் இருந்தவன் நிரப்பிய மற்றப் படிவங்கள் எப்படியோ என்று எவராவது ஒருவர் நினைப்பார். ஒருவர் நினைத்தால் போதும். என் சொல்லை மறுபடி எவரும் சரிபார்க்கத் தேவையில்லை என்பதைத் தவிர என்னிடம் பெரிய சொத்து எதுவும் இருந்ததில்லை.

ஆகவே பழகிக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஒருமுறை நீந்தியவன்தானே, உடம்புக்கு நினைவிருக்கும். என் மனைவி செவ்வாயும் வியாழனும் பொங்கோலில் இருக்கும் எங்கள் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரு செவ்வாய்க்கிழமை, துண்டையும் கால்சட்டையையும் பழைய அலுவலகப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். ஃபேரர் பார்க் பக்கத்தில் எந்தக் குளத்துக்குப் போனாலும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். செங்காங்கில் எனக்கு எவரையும் தெரியாது. அங்குள்ள பொதுக் குளத்துக்குப் போனேன்.

நுழைவாயிலிலிருந்தே குளம் தெரிந்தது. ஆழம் குறைந்த பகுதியில் வயதான பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நீலத் தொப்பி அணிந்து, மிதவைப் பலகைகளைப் பிடித்துக்கொண்டு காலடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் நீர் தெறிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்னை நான் எண்ணிப் பார்த்தேன். மூன்று நான்கு நிமிடங்கள் நின்றிருப்பேன். திரும்பிவிட்டேன். நனையாத துண்டை, அதே மடிப்பு கலையாமல் அலமாரியில் வைத்தேன்.

ஞாயிறு வந்தது. எட்டரை மணிப் பயணத்துக்கு ஏழேகாலுக்கே மரினா சவுத் படகுத்துறைக்குப் போய்விட்டேன், மனைவியையும் இழுத்துக்கொண்டு. அவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தேன். "உக்காருங்களேன், போட் உங்கள விட்டுட்டா போயிடும்?" என்றாள். உட்கார்ந்தேன். எழுந்தேன்.

படகு நான் நினைத்ததைவிடச் சிறியது. அதிகம் பேசாத மலாய்க்காரர் ஒருவர் ஓட்டினார். வழிகாட்டியாக வந்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பெண். வெயிலில் கறுத்து இறுகிய கைகள். எங்கள் எட்டுப் படிவங்களும் அவர் கையில் ஒரு கண்ணாடி உறைக்குள் இருந்தன. மேலே இருந்த தாளில் என் கையெழுத்து துல்லியமாகத் தெரிந்தது. தெளிவாக எழுதியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன். அது எனக்கு ஆறுதல் தரவில்லை.

துறையைத் தாண்டியதும் படகு வேகமெடுத்தது. அலைமேல் ஏறி, ஏறி, பொத்தென்று விழுந்தது. நங்கூரமிட்டு நின்ற எண்ணெய்க் கப்பல்களின் இரும்புச் சுவர்கள் பக்கத்தில் வந்து பின்னால் போயின. மைத்துனர் ஒரு கையால் தொப்பியையும் மறுகையால் வங்கி அதிகாரியின் சட்டையையும் பிடித்துக்கொண்டு, "நா ஓட்டின பஸ்ஸுல ஒருத்தனயாச்சும் இப்படித் தூக்கிப் போட்டிருப்பேனா!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

முதலில் குசு தீவு. ஆமைகளைப் பார்த்தார்கள்; படம் எடுத்துக்கொண்டார்கள். அங்கே நீந்த வேண்டியிருக்கவில்லை, ஆகவே அந்த அரை மணி நேரம் விரைவாகப் போய்விட்டது. இரண்டாவது லாசரஸ் தீவு. வெண்மணல், ஆழமற்ற விரிகுடா. மார்பளவு நீரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். வங்கி அதிகாரி என்னைக் கடந்து நீந்திப் போனார், திரும்பி வந்தார். "என்ன சார், சூடு ஏத்திக்கிறீங்களா?" என்றார். தலையசைத்தேன். மார்பளவு நீரில் நிற்கிறவனுக்கு நீந்தத் தெரியுமா தெரியாதா என்பதைக் கரையிலிருக்கும் எவராலும் சொல்ல முடியாது. நாள் அங்கேயே முடிந்துவிடக் கூடாதா என்றிருந்தது. நிழலில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. என் மனைவி தன் பொட்டலத்தில் பாதியை மூடி வைத்தாள். "வயித்த ரொப்பிக்கிட்டுத் தண்ணியில எறங்கக் கூடாதுங்க" என்றாள். அவள் எதற்கு இறங்கப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது, தெற்கே இன்னும் சிறிய ஒரு தீவு. படகு கரைக்குப் போகவில்லை. பவளத்திட்டின் ஓரத்தில், ஒரு மஞ்சள் மிதவைக்குச் சற்றுத் தள்ளி நின்றது. பின்புறம் ஏணியை இறக்கினார்கள். வழிகாட்டி உறைக்குள்ளிருந்து தாள்களை எடுத்தார்.

"நீந்தத் தெரிஞ்சவங்க மூணு பேர் என்கூட வெளிப்பக்கம் வாங்க. அங்கதான் பவளம் நல்லா இருக்கும். மத்தவங்க ஆரஞ்சு ஜாக்கெட்டு போட்டுக்கிட்டு, கயித்தப் புடிச்சிக்கிட்டு, போட் பக்கத்துலயே. ஓகேவா?"

வங்கி அதிகாரியின் பெயரையும் அவர் மனைவியின் பெயரையும் என் பெயரையும் வாசித்தார்.

"நானும் வெளிப்பக்கம் வர்றேன்மா" என்றாள் என் மனைவி.

"ஆன்ட்டி, உங்க ஃபார்ம்ல நோன்னு இருக்கே?"

"இருக்கும். ஆனா எனக்கு நீந்தத் தெரியும்."

மைத்துனர் திரும்பினார். "அக்கா, வாளித் தண்ணியில மொகம் கழுவுறதெல்லாம் இதுல சேராது."

"நீ கொஞ்சம் வாய மூடுடா."

வழிகாட்டி தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஃபார்ம்ல ஒண்ணு இருந்து நீங்க வேற சொன்னா நான் செக் பண்ணணும் ஆன்ட்டி. அந்த மஞ்சள் மிதவையத் தொட்டுட்டு வாங்க பாப்போம்."

அவள் மேலே போட்டிருந்த தொளதொளத்த சட்டையைக் கழற்றி மடித்து இருக்கையில் வைத்தாள். உள்ளே, முழங்கை வரையும் முழங்கால் வரையும் மூடிய கருநீல நீச்சலுடை. அதை என் வீட்டில் நான் கண்டதில்லை. ஏணியில் திரும்பி நின்று, ஒவ்வொரு படியாக இறங்கினாள். பிறகு நீந்தினாள். வேகமில்லை. முகம் நீருக்குள், கை முன்னால், ஒருபக்கம் திரும்பி மூச்சு, மறுபடி முகம் நீருக்குள். சமையலறையில் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குப் போகும் அதே நிதானம். மிதவையைத் தொட்டாள், திரும்பி வந்தாள், ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். "சூப்பர் ஆன்ட்டி! அப்புறம் யாரு இந்த ஃபார்ம ஃபில் பண்ணது?" என்றார் வழிகாட்டி.

"வேற யாரு, எங்க அத்தான்தான்" என்றார் மைத்துனர். "அவரு எழுதினா திரும்பியே வராதும்மா!"

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். ஒரு தாள் தவறென்று தெரிந்துவிட்டது; என்னையும் மிதவை வரை போய்வரச் சொன்னால் மற்றதும் தெரிந்திருக்கும். நான் வழிகாட்டியைப் பார்த்தேன். அவர், "அங்கிள் ஓகே, அங்கிளுக்கு யெஸ் இருக்கு" என்று சொல்லித் தாள்களை உறைக்குள் வைத்துவிட்டார். என் கையெழுத்தை மறுபடி சரிபார்க்கவில்லை. என் வாழ்நாளில் அதற்காக வருந்தியது அன்று ஒருமுறைதான்.

வெளிப்பக்கம் போகிறவர்களுக்கு மெல்லிய மேலங்கி ஒன்று கொடுத்தார்கள். தேவைப்பட்டால் குழாயில் வாயை வைத்து ஊதினால் உப்பும். வங்கி அதிகாரி ஊதவில்லை. ஆகவே நானும் ஊதவில்லை. வழிகாட்டி சைகைகளைச் சொல்லிக்கொடுத்தார். நலமாக இருந்தால் தலைமேல் கை. உதவி வேண்டுமானால் கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

நீர் பச்சையாக இருந்தது. மூன்று ஆள் நீளத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. என் மூச்சுச் சத்தம் மட்டும் காதுக்குள் பெரிதாகக் கேட்டது. முதலில் கீழே பவளம் இருந்தது. பாசி படிந்த பாறைபோல் ஒன்று, விசிறிபோல் ஒன்று. கீழே ஏதோ இருக்கும்வரை கை கால்கள் நான் சொன்னபடி கேட்டன. பழைய குளத்துக் கைவீச்சைத்தான் போட்டேன். பத்து வீச்சு போயிருப்பேன். பவளம் சரிந்து இறங்கி, பச்சைக்குள் மறைந்தது. எனக்குக் கீழே ஒன்றுமில்லை.

கால்கள் கீழே இறங்கின. மூச்சுக்குழாய்க்குள் உப்புநீர் வந்தது. தலையை வெளியே தூக்கி இருமினேன். சற்றுத் தொலைவில் வழிகாட்டி திரும்பி, நலமா என்று தலைமேல் கை வைத்துக் கேட்டார். நானும் என் கையைத் தலைமேல் வைத்தேன். அது பொய். நீரில் சொன்ன பொய். அவர் திரும்பிக்கொண்டார்.

என் மனைவி முன்னால் போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு கை தூரத்தில், நின்ற இடத்திலேயே மெல்லக் கால்களை அசைத்தபடி இருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் வரவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. அவளாகக் கை நீட்டியிருந்தால் நான் தள்ளிவிட்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

"கையைக் கொடு" என்றேன்.

கொடுத்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. பிடி இறுக்கமாக இருந்தது. "அந்தக் கொழாயில ஊதுங்க" என்றாள். ஊதினேன். மேலங்கி உப்பியது. "காலுக்கு ஒண்ணும் வேல இல்ல. சும்மா விடுங்க. மொகத்த மட்டும் உள்ள வைங்க." வைத்தேன். கீழே பார்க்காமல் இருக்க விரும்பினேன், பார்த்தேன். சரிவின் விளிம்பில், பாறைக்குள் பதிந்தாற்போல் ஒரு பெரிய சிப்பி வாயைத் திறந்து வைத்திருந்தது. அதன் உதடு நீலமும் பச்சையுமாக, பட்டுப்போல நெளிந்தது. எங்கள் நிழல் பட்டதும் சுருங்கியது. அவள் என் கையை இருமுறை அழுத்தினாள், பார்த்தீர்களா என்பதுபோல. பார்த்தேன். அந்த நாளில் நான் மெய்யாகப் பார்த்த பொருள் அது ஒன்றுதான்.

கையை விடாமலே ஏணிக்குத் திரும்பினோம். ஏணியில் நானே ஏறினேன்.

"என்னாச்சு அத்தான்? போன வேகத்துல வந்துட்டீங்க?" என்றார் மைத்துனர், ஆரஞ்சு அங்கிக்குள்ளிருந்து.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "கால் புடிச்சிக்கிச்சு அவருக்கு" என்றாள். "வயசாச்சுல்ல. நீ கொஞ்சம் நகரு, அவரு உக்காரட்டும்."

வங்கி அதிகாரி பிறகு வந்து ஏறி, "இன்னிக்குத் தண்ணி இழுப்பு ரொம்ப சார். எனக்கே கஷ்டமாயிருந்திச்சு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. திருமண விருந்திலும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது படகுத்துறை நிலையத்திலிருந்து நாங்கள் இருவரும் ரயிலில் வந்தோம். அவள் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. பெட்டியில் கூட்டமில்லை. நான் இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்தேன்.

"எப்போது கற்றுக்கொண்டாய்?" என்றேன்.

"ரெண்டு வருஷமாச்சு. மக வீட்டுலேர்ந்து பக்கந்தானே. பேரனக் கூட்டிக்கிட்டுப் போக ஆரம்பிச்சேன், அப்புறம் நானும் சேந்துட்டேன். லேடீஸ் கிளாஸ், செவ்வாக்கெழம."

"என்னிடம் சொல்லவில்லையே?"

அவள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கெலோங் வரைக்கும் நீந்தினவரு. உங்ககிட்ட வந்து, பலகையப் புடிச்சிக்கிட்டுக் காலடிக்கக் கத்துக்கறேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நல்லா வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஃபார்ம்ல போட்டுட்டீங்க."

அந்த நீலத் தொப்பிகள் என் நினைவுக்கு வந்தன.

"செங்காங் குளத்திலா?" என்றேன். எனக்கு விடை தெரிந்திருந்தது.

"ம்" என்றாள். "அன்னிக்கி வாசல்ல வந்து நின்னீங்களே, ஆஃபீஸ் பைய வச்சிக்கிட்டு. பாத்தேன். கூப்பிடலாமான்னு நெனச்சேன். கூப்பிட்டா உங்களுக்குப் புடிக்காது." பிறகு, என்னைப் பார்க்காமல், "துண்டு நனையவே இல்ல, அதையும் பாத்தேன்" என்றாள்.

ஆக, படகில் ஏறும்போதே அவளுக்குத் தெரியும். வெளிப்பக்கம் வருகிறேன் என்று அவள் சொன்னது பவளத்தைப் பார்க்க மட்டுமா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த வாரங்களில் அந்த நாள் வாய்க்கு வாய் மாறியது. கால் பிடித்துக்கொண்டது என்பதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். வங்கி அதிகாரி நீரோட்டத்தை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வலுவாக்கினார். மைத்துனர் குழுவின் வாட்ஸப்பில், அக்கா அத்தானைக் கடலிலிருந்து இழுத்து வந்து காப்பாற்றிவிட்டதாக எழுதி, நடுவில் ஒரு திமிங்கலத்தையும் சேர்த்திருந்தார். சிராங்கூன் சாலையில் ஒரு நண்பர் என்னை நிறுத்தி, "கால் இப்ப எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார். நான் குனிந்து கெண்டைக்காலைத் தடவினேன். "பரவாயில்லை" என்றேன். வலிக்காத காலைத் தடவிய அந்தக் கையை என்னால் பிறகு மறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் உட்கார முடியாமல் வரவேற்பறைக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். எனக்காகப் பொய் சொன்னவள் என் மனைவி. படிவத்தில் பொய்யெழுதி அவளை அதற்கு ஆளாக்கியவன் நான்.

ஒரு மாதம் கழித்து, மைத்துனர் இன்னொரு கட்டுத் தாள்களோடு உணவகத்துக்கு வந்தார். மறுபடி தீவுப் பயணம். அதே படகு, அதே கேள்வி. எட்டுத் தாள்களும் என் முன்னால் வந்து நின்றன. நான் அவற்றை எண்ணி, ஒவ்வொருவர் முன்னும் ஒன்றாக வைத்தேன். என் மனைவியின் தாளை அவளிடம் கொடுத்து, என் பேனாவையும் கொடுத்தேன்.

"என்ன அத்தான், ஸ்ட்ரைக்கா?" என்றார் மைத்துனர்.

அவள் எழுதி முடித்துப் பேனாவைத் திருப்பித் தந்த பிறகு, என் தாளை நான் நிரப்பினேன். நீந்தத் தெரியுமா என்ற கேள்விக்கு எதிரே, தெரியாது என்ற கட்டத்தில் குறியிட்டு, மேசை நடுவில் எல்லாரும் காணும்படி வைத்தேன். வங்கி அதிகாரி குனிந்து பார்த்தார். "தப்பான கட்டத்துல போட்டுட்டீங்களே சார்" என்றார். என் மனைவி இட்டிலியைப் பிட்டாள்.

அன்று அந்த மேசையில் சொன்னதை, அங்கே இல்லாதவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். தப்பான கட்டமல்ல. அன்று எனக்குக் கால் பிடித்துக்கொள்ளவில்லை. நீரோட்டம் வலுவாக இருக்கவில்லை. என் மனைவி என்னை இழுத்து வரவில்லை. நான் கையைக் கேட்டேன், அவள் கொடுத்தாள். சாங்கியிலிருந்து கெலோங்குக்கு நீந்தியவன் என் வகுப்புத் தோழன். எனக்கு நீந்தத் தெரியாது.